எந்தக் கிழமை, எத்தனை மாத்திரை

அன்பு மகளே,

இரண்டு வருஷம் பிள்ளை வேண்டாம் என்று மாப்பிள்ளையும் நீயும் பேசி முடிவெடுத்ததாக எழுதியிருந்தாய். சந்தோஷம். "வாரத்துக்கு ஒரு மாத்திரை போதுமாமே பெரியம்மா?" என்று கேட்டிருந்தாய். கூடச் சரம் பின்னுகிற அக்கா சொன்னது பாதிதான் சரி. முப்பது வருஷம் கிராமச் சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். மீதிப் பாதி தெரியாமல் கர்ப்பமாகி வந்து அழுதவர்களைப் பார்த்திருக்கிறேன்.

வாரம் ஒன்று என்பது சாயா. லக்னோவிலுள்ள மத்திய மருந்து ஆராய்ச்சி நிறுவனம் கண்டுபிடித்தது. 1991-ல் சஹேலி என்ற பெயரில் கடைக்கு வந்தது. அதில் ஹார்மோன் கிடையாது. உடம்பில் பல நாள் தங்குவதால்தான் வாரம் ஒன்று போதும். ஆனால் அந்த இருப்பு சேர வேண்டுமே! அதனால் முதல் 3 மாதம் வாரத்துக்கு இரண்டு. தூரம் தொடங்கும் நாள் செவ்வாய் என்றால் செவ்வாய், வெள்ளி. நாலாம் மாதத்திலிருந்து செவ்வாய் மட்டும். ஏழு நாளுக்கு மேல் விட்டுப்போனால் மறுபடி முதலிலிருந்து.

மாலா-என் என்பது தினமும் போடுகிற மாத்திரை. 28-ல் 21 தான் ஹார்மோன். கடைசி 7 இரும்புச்சத்து. மாப்பிள்ளை ஊரில் இருக்கிற நாளில் மட்டும் போட்டால் பலிக்காது. ஒன்று மறந்தால் நினைவு வந்ததும் போடு, அன்றைக்கு இரண்டானாலும் சரி. அட்டையின் நடுவில் ஒன்றை மறப்பதைவிட, அடுத்த அட்டையைத் தாமதமாகத் தொடங்குவதுதான் ஆபத்து. ஹார்மோன் இல்லாத இடைவெளி ஏழு நாளைத் தாண்டினால் கருமுட்டை விழித்துக்கொள்ளும்.

2017-ல் அரசுத் திட்டத்தில் சேர்ந்த அந்தரா ஊசி, மூன்று மாதத்துக்கு ஒன்று. நாலு வாரம் வரை தாமதித்துப் போட்டாலும் தாங்கும். போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது. தூரம் முன்பின்னாகும், நின்றும் போகலாம், பயப்படாதே. ஆனால் நிறுத்திய பிறகு கரு தங்க, கடைசி ஊசியிலிருந்து 7 முதல் 10 மாதம் ஆகலாம். இரண்டு வருஷக் கணக்கு வைத்திருக்கிற உனக்கு இதைச் சொல்ல மாட்டேன்.

காலை வேன் பிடிக்கிற அவசரத்தில் தினசரி மாத்திரை மறந்துபோகும். ராத்திரிச் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ள முடிந்தால் மாலா-என், இல்லையென்றால் சாயா. சிவகாசியில் அச்சாகும் காலண்டர் இல்லாத வீடு ஏது? முதல் மூன்று மாதத்துக்கான இரண்டு கிழமைகளையும் அதில் வட்டமிட்டு வை.

எதையும் தொடங்குமுன் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம் பார்த்துக்கொள். மாப்பிள்ளையையும் கூட்டிப் போ. மாத்திரை தவறுகிற நாளுக்கு வேண்டிய ஆணுறையும் அங்கேயே இலவசமாகக் கிடைக்கும்.

உன் பெரியம்மா