பம்பு நிறுத்தும் சில்லின் பூர்வ சரித்திரம்

பம்பைக் குறித்த நேரத்தில் ஓட்டி நிறுத்தும் கருவிகளை வாங்கும் குடியானவர்கள், அவற்றுள் அமைந்த மைக்ரோகண்ட்ரோலர் என்னும் சில்லின் சரித்திரத்தைச் சிறிது அறிதல் நலம். அமெரிக்காவில் டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் கம்பெனியைச் சேர்ந்த கேரி பூன், மைக்கேல் காக்ரன் என்போர் 1971-ம் வருஷத்தில் கால்குலேட்டருக்காக இத்தகைய சில்லை அமைத்தனர். 1974-ல் டி.எம்.எஸ். 1000 என்னும் வரிசை பிறருக்கும் விற்பனைக்கு வந்தது. அதனுள் ஞாபக உறுப்புகள் இரண்டு. கட்டளைகளுக்குரியது 1024 பைட்; தொழிற்சாலையிலேயே பதிக்கப்பட்டமையால் மின்சாரம் நின்றாலும் அழியாது, பின்னர்த் திருத்தவும் இயலாது. மற்றது 64 இலக்கங்களே கொள்ளும்; மின்சாரம் நின்றதும் மறந்துவிடும். இக்காலச் சில்லுகள் பலவற்றில் கட்டளைகளைத் திருத்தி எழுதலாமாயினும், இரண்டாவது வகை ஞாபகம் இன்றும் பெரும்பாலும் அத்தன்மையதே. நாம் வைத்த நேரம் அதில் மட்டும் தங்குமாயின், மின்தடைக்குப்பின் பயிர் காயும், அல்லது வயல் மூழ்கும். விற்பவர் வார்த்தை போதாது. கடையிலேயே மின்சாரத்தை நிறுத்தி, மீண்டும் கொடுத்துப் பார்த்து வாங்கவும்.