வண்டி சூடாகிறதா? "எப்போது?" என்று கேளுங்கள்!

"அண்ணே, வண்டி ஹீட் ஆகுது. என்னன்னு பாருங்க." எந்த ஒர்க்ஷாப்பிலும் அடிக்கடி காதில் விழும் புகார் இது. இதைக் கேட்டவுடன் ரேடியேட்டரைக் கழற்றப் போகிறவர் ஒருவர். தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கி எறிகிறவர் இன்னொருவர். நேராக ஹெட்டையே இறக்கிவிடுகிறவர் மற்றொருவர். காய்ச்சல் என்று வந்தவரிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல் ஊசியை எடுக்கும் டாக்டரை நாம் ஒப்புக்கொள்வோமா?

நண்பர்களே, சூடு என்பது நோய் அல்ல, நோயின் அறிகுறி. ஸ்பேனரை எடுக்கும் முன் கேட்க வேண்டிய கேள்வி, "எப்போ ஹீட் ஆகுது?" என்பதே. அதற்கு வரும் பதிலிலேயே பாதி விடை இருக்கிறது.

சூடு போகும் பாதை

பெட்ரோல் எரிந்து கிடைக்கும் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் வேலையாக மாறுகிறது. இன்னொரு பங்கு புகையோடு சைலன்சர் வழியே போய்விடுகிறது. மீதியில் பெரும்பகுதியை வெளியேற்றுவது குளிர்விப்பு அமைப்பின் பொறுப்பு.

வாட்டர் பம்ப் தள்ளும் நீர், பிளாக்கிலும் ஹெட்டிலும் உள்ள வாட்டர் ஜாக்கெட்டைச் சுற்றிச் சூட்டை வாங்கிக்கொள்கிறது. சுமார் 82 டிகிரி செல்சியஸ் வந்ததும் தெர்மோஸ்டாட்டின் உள்ளே இருக்கும் மெழுகு உருகி விரிந்து வால்வைத் திறக்கிறது (வண்டிக்கு வண்டி இந்த அளவு சற்று மாறும்). நீர் மேல் ஹோஸ் வழியாக ரேடியேட்டருக்குப் போய், காற்றிடம் சூட்டைக் கொடுத்துவிட்டு, கீழ் ஹோஸ் வழியாகப் பம்புக்குத் திரும்புகிறது.

இந்தப் பாடம் முழுவதையும் மூன்று வரியில் மனதில் வைத்துக்கொள்ளலாம்: தண்ணி இருக்கணும், தண்ணி ஓடணும், காத்து அடிக்கணும். இந்த மூன்றில் எது கெட்டது என்று கண்டுபிடிப்பதே டயக்னோசிஸ்.

மூடியில் கை வைக்கும் முன்

ரேடியேட்டர் மூடி வெறும் மூடி அல்ல. அது ஒரு பிரஷர் வால்வு. பல கார்களில் அதன் மேல் 0.9 என்று எழுதியிருக்கும். உள்ளே 0.9 கிலோ/ச.செ.மீ. அழுத்தம் வரை அது தாங்கிப் பிடிக்கும் என்று பொருள். அந்த அழுத்தத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. 118 டிகிரிக்கு மேல்தான் கொதிக்கும். பாதிக்குப் பாதி கூலன்ட் கலந்தால் இன்னும் மேலே போகும்.

இப்போது ஒரு கணக்கு. 5 கிலோ தண்ணீர் 120 டிகிரியில் இருக்கும்போது மூடியைத் திறக்கிறோம். அழுத்தம் சட்டென்று போய்விடும். நீர் 100 டிகிரிக்கு இறங்கியாக வேண்டும். விடுபடும் வெப்பம் 5 × 4.2 × 20 = 420 கிலோ ஜூல். ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக 2,257 கிலோ ஜூல் தேவை. ஆக, 0.186 கிலோ தண்ணீர் ஒரே நொடியில் ஆவியாகிறது. அந்த ஆவியின் கனஅளவு 300 லிட்டருக்கு மேல்! அது கொதிநீரையும் தள்ளிக்கொண்டு நம் முகத்தை நோக்கித்தான் வரும். துணியைப் போட்டுத் திறந்தாலும் இந்தக் கணக்கு மாறாது. அரை மணிக்குக் குறையாமல் ஆறவிட்டு, மேல் ஹோஸை அமுக்கிப் பார்த்து, அழுத்தம் இல்லை என்று தெரிந்த பிறகே திறக்க வேண்டும்.

எப்போது ஹீட் ஆகிறது?

1. சிக்னலில் நிற்கும்போது ஏறுகிறது, ரோட்டில் ஓடினால் இறங்குகிறது. ஓடும்போது காற்று தானாக அடிக்கிறது. நிற்கும்போது ஃபேன்தான் அடிக்க வேண்டும். ஆகவே முதல் சந்தேகம் ஃபேன் மேல். 2014-ல் உற்பத்தி நின்ற அம்பாசடரில் ஃபேன் பெல்ட்டில் சுற்றும். பெல்ட் தளர்ந்திருக்கிறதா என்று பார்த்தால் போதும். அதே ஆண்டு நின்றுபோன மாருதி 800 போன்ற கார்களில் மின்சார ஃபேன். ஃபேன் மோட்டாருக்கு பேட்டரியிலிருந்து நேராகக் கரண்ட் கொடுங்கள். சுற்றினால் மோட்டார் நல்லது. ஃபியூஸ், ரிலே, டெம்பரேச்சர் சுவிட்ச், வயரிங் ஆகியவற்றைத் தேடுங்கள். எச்சரிக்கை: இன்ஜினை நிறுத்திய பிறகும் இந்த ஃபேன் திடீரென்று சுற்றும். கையை உள்ளே விடாதீர்கள்.

2. ஊருக்குள் ஒன்றுமில்லை, ஹைவேயில் வேகம் பிடித்தால் ஏறுகிறது. காற்று தாராளமாக இருக்கிறது. ஆகவே தண்ணீர் ஓட்டம் போதவில்லை. ரேடியேட்டர் டியூபுகளில் உப்பு அடைப்பு, பம்பின் இம்பெல்லர் அரிப்பு, பாதி மட்டும் திறக்கும் தெர்மோஸ்டாட் என்று பாருங்கள். பலர் பார்க்காமல் விடுவது கீழ் ஹோஸ். ஆர்.பி.எம். ஏறும்போது பம்பின் உறிஞ்சலில் மெலிந்துபோன ஹோஸ் உள்வாங்கி ஒட்டிக்கொள்ளும். வண்டியை நிறுத்தியதும் பழையபடி உருண்டுவிடும்!

3. ஸ்டார்ட் செய்த சில நிமிடங்களிலேயே ஏறுகிறது. தண்ணீர் குறைவு, உள்ளே ஏர் லாக், மூடியபடி சிக்கிய தெர்மோஸ்டாட், அல்லது ஹெட் கேஸ்கெட். முள் மேலே போயும் மேல் ஹோஸ் சில்லென்று இருந்தால் தெர்மோஸ்டாட்டைச் சந்தேகியுங்கள். அதைக் கழற்றி, பாத்திரத் தண்ணீரில் நூலில் தொங்கவிட்டு, தெர்மாமீட்டர் வைத்துச் சூடாக்குங்கள். அதன் மேல் பொறித்திருக்கும் டிகிரியை ஒட்டித் திறந்தால் நல்லது.

4. மலை ஏறும்போது மட்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஏறும் வண்டியை நினைத்துப் பாருங்கள். லோடு அதிகம், வேகம் குறைவு. ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே திறந்த பாத்திரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். மூடியின் ஸ்பிரிங்கோ ரப்பரோ போயிருந்தால் ரேடியேட்டரும் திறந்த பாத்திரம்தான். சமவெளியில் தெரியாத மூடிக்கோளாறு மலையில் தெரிவது இதனால்தான்.

5. தண்ணீர் குறைகிறது, ஆனால் வெளியே ஒழுகலே இல்லை. சூடான பிறகும் வெள்ளைப் புகை, டிப்ஸ்டிக்கில் பால் கலந்த டீ போன்ற ஆயில், ரேடியேட்டரில் விடாத குமிழ் இவற்றில் ஏதாவது இருந்தால் ஹெட் கேஸ்கெட்டைப் பாருங்கள். ஆனால் அத்துடன் விடாதீர்கள். பல நேரம் கேஸ்கெட் போனது ஓவர் ஹீட்டின் விளைவு, காரணம் அல்ல. அடைத்த ரேடியேட்டரை அப்படியே வைத்துப் புது கேஸ்கெட் போட்டால் அதுவும் போகும். அலுமினிய ஹெட் என்றால் வளைந்திருக்கிறதா என்று ஸ்ட்ரெயிட் எட்ஜும் ஃபீலர் கேஜும் வைத்து அளக்காமல் மாட்டக் கூடாது.

முள்ளையும் முழுதாக நம்ப வேண்டாம். தண்ணீர் இறங்கி சென்சார் ஆவியில் தொங்கினால், இன்ஜின் வெந்துகொண்டிருக்கும்போதும் முள் குறைவாகக் காட்டலாம். "மீட்டர் நார்மலாதான் இருந்துச்சு" என்று டிரைவர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை.

"தெர்மோஸ்டாட் நம்ம ஊருக்கு வேண்டாம்"

நம் ஊர் வெயிலுக்கு இது தேவையில்லை, கழற்றிப் போடு என்கிறார்கள். இது தவறு. பைபாஸ் வழி உள்ள பல இன்ஜின்களில், தெர்மோஸ்டாட் முழுதாகத் திறக்கும்போது பைபாஸை மூடுவதும் அதுதான். அதை எடுத்துவிட்டால் சூடான நீரில் ஒரு பகுதி ரேடியேட்டருக்குப் போகாமலேயே சுற்றிச் சுற்றி வரும். சூடு குறைவதற்குப் பதிலாக ஏறும். மற்ற இன்ஜின்களிலோ வேண்டிய சூடு வரவே நேரமாகும். பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும், ஆயிலில் கசடு சேரும், சிலிண்டர் தேய்மானம் கூடும். கம்ப்யூட்டர் உள்ள வண்டியில் எச்சரிக்கை விளக்கும் எரியும்.

அதேபோல் போர் தண்ணியும் வேண்டாம். அதிலுள்ள உப்பு சுவரில் படிந்தால் இன்ஜினுக்குள் சட்டை போட்ட மாதிரி; சூடு நீருக்கு வராது. டிஸ்டில்ட் வாட்டரும் கூலன்டும் கலந்து ஊற்றுவதே சரி. கூலன்ட் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது.

வழியில் ஏறினால்

ஏ.சி.யை நிறுத்துங்கள். ஹீட்டர் இருந்தால் முழுதாகத் திறந்துவிடுங்கள். அது ஒரு சின்ன ரேடியேட்டர். ஓரமாக நிறுத்துங்கள். ஆவி வந்தால் உடனே இன்ஜினை அணையுங்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் ஹெட் விரிசல் விடும்.

ஒரு கேள்வியின் விலை

ஒரு டாக்சிக்காரரை எடுத்துக்கொள்வோம். அவருடைய வண்டி சிக்னலில் மட்டும் ஏறுகிறது. கேட்டுப் பார்த்தால் ஃபேன் ஃபியூஸ் போனது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். கேட்காமல் ரேடியேட்டர் கிளீனிங், புது வாட்டர் பம்ப், பிறகு ஹெட் வேலை என்று போனால், பில் ஒருபுறம், வண்டி ஓடாத நாட்களின் வருமானம் மறுபுறம், வண்டிக் கடனின் தவணை இன்னொருபுறம். வேலை முடிந்தும் சிக்னலில் முள் ஏறும்!

இன்று பல மின்சாரக் கார்களில் பேட்டரியைச் சுற்றியும் கூலன்ட் ஓடுகிறது. இன்ஜின் போனாலும் இந்தப் பாடம் போகவில்லை. இருக்கிறதா, ஓடுகிறதா, காற்று அடிக்கிறதா என்ற வரிசையில் பாருங்கள். அதற்கும் முன்னால், வண்டியைக் கொண்டுவந்தவரை உட்காரச் சொல்லி, "எப்போ ஹீட் ஆகுது?" என்று கேளுங்கள். வண்டியின் கூடவே இருப்பவர் அவர்தான்.