800 டிகிரி எதற்கு?



நீராவியை 800 டிகிரிக்குச் சூடாக்கினால் ஹைட்ரஜனைப் பிரிக்கக் குறைந்த ஆற்றல் போதுமே, ஏன் என்று கேட்டிருந்தாய். கேட்ட உன்மேல் குற்றமில்லை. அப்படி எழுதிவைக்கும் புத்தகங்கள்மீதுதான் எனக்குக் கோபம். 25 டிகிரியில் ஒரு மோல் திரவ நீரைப் பிரிக்க 286 கிலோஜூல், 800 டிகிரி நீராவிக்கு 248. இந்த இரண்டு எண்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துச் சூட்டின் புகழ் பாடுகிறார்கள். 25 டிகிரியிலேயே நீரை ஆவியாக வைத்துக் கணக்குப் போட்டுப் பார்: 242. ஆக, சூடு ஏறினால் தேவை சற்றுக் கூடத்தான் செய்கிறது! மிச்சமாகத் தெரிந்தது, நீரை ஆவியாக்கும் 44 கிலோஜூலை வேறொருவர் முன்பே கட்டிவிட்டதால் வந்தது. அதற்கு 150 டிகிரிக் கழிவு வெப்பமே போதும். அதற்கென்று அணு உலையின் சூடு தேவையில்லை.

பிறகு 800 எதற்கு? 1897-இல் வால்டர் நெர்ன்ஸ்ட் கண்டுபிடித்த விளக்கைப் பற்றித் தேடிப் படி. எனக்கு அலுக்காத விஷயம் அது. ஜிர்கோனியாவும் இட்ரியாவும் கலந்த சிறு பீங்கான் குச்சி. ஆறிக் கிடந்தால் மின்சாரத்தைக் கடத்தாது. தீக்குச்சியைக் கொளுத்திப் பிடித்தால் கடத்தத் தொடங்கும். அப்புறம் வெளிச்சூடு வேண்டாம், தன்னுள் ஓடும் மின்னோட்டத்தின் சூட்டிலேயே காற்றில் வெண்ணொளி வீசும். நீராவியை மின்சாரத்தால் பிரிக்கும் இன்றைய கலத்தில் ஆக்சிஜன் அயனிகள் கடந்துபோகும் தகடும் அதே கலவைதான். வெப்பம் அந்தப் பீங்கானுக்கு வழி திறந்துவிடுகிறது. நீரைப் பிரிக்கும் விலையை அது குறைப்பதில்லை.

வெப்பநிலை ஏறினால் குறைந்தபட்ச மின்தேவை 237 கிலோஜூலிலிருந்து 189 ஆக இறங்குகிறதே என்பாய். உண்மை. ஆனால் அந்த எல்லையில் மின்னோட்டமே இராது. நடைமுறையில் 1.29 வோல்ட் கொடுக்கிறார்கள். அப்போது தடையில் பிறக்கும் சூடு, வினை உறிஞ்சும் வெப்பத்துக்குச் சரியாகப் போய்விடுகிறது. இழப்பு என்று எழுதவேண்டியது வேலையில் சேர்ந்துவிடுகிறது. கிலோ ஹைட்ரஜனுக்குக் கலத்தில் 34 யூனிட் ஆகும். திரவ நீரைப் பிரிக்கும் குளிர்ந்த முறையில் 1.8 வோல்ட்டில் ஓட்டினால் 48.

அடிக்கடி சூடேறி ஆறினால் பீங்கான் விரிசல் விடும் என்ற ஆட்சேபம் நியாயமானது. மாலையில் சூரிய மின்சாரத்தோடு அணைந்து காலையில் எழும் ஆலைக்கு இது ஒத்துவராது. இரவும் பகலும் ஓடும் அம்மோனியா ஆலைக்கு ஒத்துவரும். அங்கே ஒரு மோல் அம்மோனியா உருவாகும்போது 46 கிலோஜூல் வெளிவருகிறது. அதற்கான ஒன்றரை மோல் ஹைட்ரஜனுக்கு வேண்டிய நீரை ஆவியாக்க 66. ஆக, மூன்றில் இரண்டு பங்கு நீராவியை அந்த ஆலையாலேயே தந்துவிட முடியும். மீதிக் கணக்கை நீ போட்டு அனுப்பு.