உருகி உரைத்த பாடம்

தேர்வுத் தாளில் எனக்கு நல்ல மதிப்பெண் பெற்றுத் தந்த ஒரு விதி, கையில் திருப்புளி ஏறியதும் நினைவை விட்டு அகன்றது. அதனால் நேர இருந்த தீங்கையும், நான் கற்ற பாடத்தையும் கூறுகிறேன்.

சாலைக் கடைத்தெருவில் வாணிகம் செய்யும் அண்ணாச்சி ஒருவரின் மாடியறையில் நான் குடியிருக்கிறேன். அவரும் என்னைப் போல் நெல்லைச் சீமையிலிருந்து திருவனந்தபுரம் வந்தவர். அவரிடம் பழைய அம்பாசடர் மோட்டார் ஒன்று உண்டு. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் 2014 வரை உருவாகிவந்த வண்டி அது. அதிலுள்ள வானொலியில் நெல்லை நிலையத்தைக் கேட்டுக்கொண்டே ஊருக்குச் செல்வது அவருக்குப் பேரின்பம். ஒருநாள் புறப்படும் வேளையில் வானொலி ஊமையாயிற்று.

“தம்பி, பௌதிகம் படிக்கிற பிள்ளைதானே, இதைக் கொஞ்சம் பாரு” என்றார்.

ஒலிப்பான் முழங்கியது, விளக்குகள் எரிந்தன. ஆகவே பாட்டரியில் குறையில்லை. வானொலிக்குச் செல்லும் கம்பியின் நடுவே கரிய குழல் ஒன்று இருந்தது. அதனுள்ளேதான் பியூஸ் என்று நாம் வழங்கும் உருகி. சிறு கண்ணாடிக் குழாய். அளவு 2 ஆம்பியர். உள்ளிருந்த இழை அற்று, கண்ணாடி கறுத்திருந்தது.

மாற்று உருகி கையில் இல்லை. அருகில் நின்ற ஒருவர் சிகரெட்டுப் பெட்டியின் வெள்ளித்தாளைக் கிழித்து, “இதைச் சுற்றுங்கள், பாடும்” என்றார். அண்ணாச்சியோ அவசரத்தில் இருந்தார். நானும் தாளைச் சுற்றத் தொடங்கினேன். அப்போதுதான் கறுத்த கண்ணாடி கண்ணை உறுத்தியது. மின்னோட்டம் சிறிதே மிகுந்தால் இழை அமைதியாக உருகி அறும். கண்ணாடி கறுத்துப் போனால், இழை ஒரு நொடியில் ஆவியாயிற்று என்று பொருள். எங்கோ குறுக்குச் சுற்று நேர்ந்திருக்கிறது!

1841-இல் ஜூல் வெளியிட்ட விதியை எண்ணிப் பாருங்கள். கம்பியில் தோன்றும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடிக்கு ஏற்ப வளரும். 2 ஆம்பியர் பாயவேண்டிய கம்பியில் 20 ஆம்பியர் பாய்ந்தால், வெப்பம் பத்து மடங்கன்று, நூறு மடங்கு! உருகி இருந்தால் அது முதலில் மடிந்து கம்பியைக் காக்கும். வெள்ளித்தாள் எளிதில் மடியாது; அதற்குப் பதிலாகக் கம்பியின் உறை பற்றியெரியும். ஓடும் வண்டியில், அண்ணாச்சியின் முழங்காலுக்கு மேலே!

தாளை எறிந்தேன். குற்றத்தைக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. 12 வோல்ட், 21 வாட் விளக்கொன்றை உருகியின் இடத்தில் இணைத்தேன். எவ்வளவு பெரிய குறுக்குச் சுற்றானாலும் இவ்விளக்கின் வழியே 1.75 ஆம்பியருக்கு மேல் செல்லாது. வானொலியின் விசையைத் திருப்பவில்லை. ஆதலின் விளக்கு எரியக்கூடாது. ஆனால் பளிச்சென்று எரிந்தது! விசைக்கு முன்னரே மின்சாரம் வண்டியின் உடலுக்குப் பாய்கிறது என்பது தெளிவாயிற்று. கம்பியை மெல்ல அசைத்துக்கொண்டே சென்றேன். ஓரிடத்தில் விளக்கு அணைந்தது. அங்கே தகட்டின் கூரிய விளிம்பில் உராய்ந்து, உறை தேய்ந்து, செம்பு வெளியே தெரிந்தது.

பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மின்காப்பு நாடா சுற்றினேன். விளிம்பில் உராயாதபடி கம்பியை ஒதுக்கிக் கட்டினேன். கடைக்குச் சென்று 2 ஆம்பியர் உருகியே வாங்கிப் பொருத்தினேன். அண்ணாச்சி ஒரு மணி நேரம் தாமதமாகப் புறப்பட்டார். ஆனால் நெல்லையின் குரலோடு புறப்பட்டார்.

விடுதி அறையிலும் ஆய்வுக்கூடத்திலும் உருகிகள் எரியும். அப்போது மூன்றை மறவாதீர்: முதலில் காரணத்தைத் தேடுங்கள், அதே அளவுள்ள உருகியையே இடுங்கள், தாளோ தடித்த கம்பியோ ஒருநாளும் வேண்டா. எரிந்த உருகி நோயன்று. நோயை அறிவிக்கும் காவலன். காவலன் வீழ்ந்தால், பகைவன் யாரென்று அறிந்த பின்னரே அடுத்தவனை நிறுத்துவோம்.