கின்சாவில் 10% டாக்ஸ் ஃப்ரீ: உங்க கையில் நிஜமா எவ்வளவு மிஞ்சும்?

டோக்கியோ போறவங்க லிஸ்ட்ல கின்சா கண்டிப்பா இருக்கும். 1612-ல் வெள்ளி நாணயம் அச்சிடும் சாலை வந்த இடம் இது. பேரிலேயே வெள்ளி இருக்கு. இன்னைக்கு உலகத்தின் பெரிய பிராண்டுகள் எல்லாம் அங்கே கடை போட்டிருக்காங்க. பல கடைகளில் ‘டாக்ஸ் ஃப்ரீ’ போர்டைப் பார்த்ததும், “10 சதவீதம் லாபம்தானே?”னு கார்டை நீட்டிடுவோம். அந்த லாபத்தைக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

சலுகை என்ன?

ஜப்பானில் பெரும்பாலான பொருட்களுக்கு நுகர்வு வரி 10%. சுற்றுலாப் பயணிகள் ஒரே கடையில் ஒரே நாளில், வரி நீங்கலாக 5,000 யென் அல்லது அதுக்கு மேல் வாங்கினா விலக்கு உண்டு. பாஸ்போர்ட் கையில் இருக்கணும். 2026 நவம்பர் 1 முதல் முறை மாறுது: முதலில் வரியோட கட்டணும், நாடு திரும்பும்போது ரீஃபண்ட்.

ஒரு கைப்பை, ஒரு கணக்கு

வரியோட 1,10,000 யென், வரி இல்லாம 1,00,000 யென். 100 யென் 60 ரூபாய்னு ஒரு பேச்சுக்கு வச்சுக்கோங்க.

• வரி மிச்சம்: ரூ.6,000
• கார்டின் ஃபாரெக்ஸ் மார்க்அப் 3.5% (60,000-க்கு): ரூ.2,100
• அதுமேல 18% ஜிஎஸ்டி: ரூ.378
• கையில் நிற்பது: ரூ.3,522

பில்லை முழுசா கட்டாம விட்டா? மாச வட்டி 3.5%, ஜிஎஸ்டி சேர்த்தா சுமார் ரூ.2,580. இரண்டாவது மாசத்திலேயே சலுகை காலி. மூணாவது மாசத்திலிருந்து சலுகை வாங்கினதுக்கு நீங்க காசு கட்டுறீங்க!

கிளம்பும் முன்

1. மார்க்அப் குறைவான கார்டு அல்லது ஃபாரெக்ஸ் கார்டு எடுத்துக்கோங்க.
2. ஸ்வைப் மெஷின் “ரூபாயா, யென்னா?”னு கேட்டா, யென்னையே தேர்ந்தெடுங்க. ரூபாய்னு சொன்னா, மாற்று விகிதத்தை அவங்க வைப்பாங்க.
3. இந்திய சுங்கத்தின் வரியில்லா வரம்பைப் பயணத்துக்கு முன்னாடி பாருங்க. தாண்டினா, அங்கே மிச்சம் பிடிச்சதை ஏர்போர்ட்டில் கட்ட வேண்டி வரலாம்.
4. பட்ஜெட்டை ஊரிலேயே முடிவு பண்ணுங்க, கடை வாசலில் வேண்டாம்.

கின்சாவில் சும்மா சுத்துறதுக்கே ஜப்பானியர்கள் ‘கின்புரா’னு ஒரு வார்த்தை வச்சிருக்காங்க. வார இறுதி மதியங்களில் சூவோ தெருவில் வண்டிகளை நிறுத்திட்டு, நடக்கிறவங்களுக்கு விட்டுடுவாங்க. 1932-ல் கட்டின வாக்கோ மணிக்கூண்டைப் பார்த்துட்டே நடங்க. அதுக்கு வரியும் இல்லை, வட்டியும் இல்லை. பை வாங்கணும்னா தாராளமா வாங்குங்க. அந்தப் பணம் ஏற்கனவே உங்க அக்கவுண்ட்ல இருக்கணும், அவ்வளவுதான்.