வங்கிக்கு முன்பே பணம் கட்டினேனே, நான் ஏன் பின்வரிசையில்?

கேள்வி: நான் திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவள். இப்போது கனடாவில், ஸ்காபரோவில் இருக்கிறேன். உவர்மலைப் பக்கம், துறைமுகம் தெரியும்படி கட்டத் தொடங்கிய தொடர்மாடியில் ஒரு வீட்டுக்கு 2021இல் ஒப்பந்தம் எழுதி, விலையில் 40 வீதம் கட்டினேன். மூன்றாம் தட்டோடு வேலை நின்றுபோனது. கம்பனியை மூடும் வழக்கு கொழும்பில் நடக்கிறது. வங்கி கடன் கொடுத்தது 2022இல். நான் அதற்கு முதலே கட்டியவள். எங்கள் காசில் எழும்பிய சுவர்கள் இன்னும் நிற்கின்றன. அப்படியிருக்க, வங்கி எடுத்த மிச்சம்தான் எங்களுக்கு என்கிறார்கள். இது எப்படி நியாயம்? என் பணம் திரும்புமா?
— ஒரு வாசகி, ஸ்காபரோ

பதில்: அன்புள்ள சகோதரி, நல்ல கேள்வி கேட்டிருக்கிறீர்கள். இதே நிலையில் இருப்பவர்களில் பெரும்பாலானோர் “பணம் வருமா?” என்று மட்டும் கேட்பார்கள். நீங்கள் “ஏன்?” என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்த “ஏன்” விளங்கினால், வருமா வராதா என்பதில் பாதி தானாக விளங்கிவிடும்.

முதலில் இரண்டு நம்பிக்கைகளை விட்டுவிட வேண்டும். ஒன்று, “முதலில் கட்டியவருக்கே முதலிடம்” என்பது. மற்றது, “எங்கள் காசில் எழும்பிய சுவரில் எங்களுக்குப் பங்கு உண்டு” என்பது. சாதாரண நியாயத்தில் இரண்டும் சரிதான். ஆனால் காணி விஷயத்தில் இலங்கைச் சட்டம் பணம் கைமாறிய நாளைப் பார்ப்பதில்லை. என்ன எழுத்து, யார் முன்னால் எழுதப்பட்டது, எந்த நாளில் பதிவானது என்பவற்றையே பார்க்கிறது.

திருகோணமலைக் காணிப் பதிவகத்தில் அந்தக் காணிக்குரிய பதிவேட்டுப் பக்கத்தை எடுத்துப் பாருங்கள். மேலே காணியின் எல்லைகளும் பரப்பும் இருக்கும். அதன் கீழே, வரிசை வரிசையாக, அந்தக் காணியைத் தொட்ட ஒவ்வோர் எழுத்தும் இருக்கும். கம்பனி காணியை வாங்கிய உறுதி ஒரு வரி. 2022இல் வங்கிக்கு எழுதிக் கொடுத்த ஈட்டுமுறி, அதாவது காணியைப் பிணையாக வைத்த பத்திரம், இன்னொரு வரி. அந்த இரண்டு வரிகளுக்கும் இடையில் உங்கள் பெயர் இருக்கிறதா? கேள்வி முழுவதும் அங்கேதான் நிற்கிறது.

1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டத்தின்படி, காணி விற்பனை ஒப்பந்தம் நொத்தாரிசு முன்னிலையில், இரண்டு சாட்சிகளோடு எழுதப்பட்டால்தான் காணியின்மேல் உரிமை தரும். 1927ஆம் ஆண்டின் 23ஆம் இலக்க ஆவணப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, பதியாத எழுத்து, பின்னால் வந்து பதிந்த எழுத்துக்கு வழிவிட வேண்டும். நீங்கள் அனுப்பிய பிரதியைப் பார்த்தேன். கம்பனியின் தலைப்புக் கடதாசியில், முகாமையாளர் கையெழுத்தோடும் இறப்பர் முத்திரையோடும் எழுதியது அது. நொத்தாரிசின் சான்று இல்லை, பதிவு இலக்கமும் இல்லை. அதனால் 2022இல் பதிந்த வங்கி, 2021இல் கட்டிய உங்களை முந்திவிட்டது.

அப்படியானால் உங்கள் பணம் எங்கே போனது? கம்பனியின் நடைமுறைக் கணக்குக்குள் போய், சீமெந்தாகவும் சம்பளமாகவும் விளம்பரமாகவும் மாறிவிட்டது. நீங்கள் வீட்டுக்காரி ஆகவில்லை, கம்பனிக்குக் கடன் கொடுத்தவர் ஆனீர்கள். பிணை எதுவும் இல்லாத கடன் என்பதால் இதைப் “பிணையற்ற கடன்” என்பார்கள்.

நீங்கள் வாழும் ஒன்ராறியோவில் நிலைமை வேறு. அங்கே 1998ஆம் ஆண்டின் கொண்டோமினியம் சட்டப்படி, வாங்குபவரின் முற்பணத்தை நம்பிக்கைக் கணக்கில் ஒதுக்கி வைக்க வேண்டும் அல்லது அதற்கு ஈடான காப்புறுதி எடுக்க வேண்டும். துபாயும் 2007இல் 8ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஒவ்வொரு திட்டத்துக்கும் தனிக்கணக்கைக் கட்டாயமாக்கியது. அந்தப் பாதுகாப்பு உங்கள் உவர்மலை ஒப்பந்தத்திலும் இருக்கும் என்று நீங்கள் நம்பியிருக்கலாம். ஒப்பந்தத்தை இரண்டு தரம் வாசித்தேன். அப்படியொரு வாசகம் அதில் இல்லை.

இனிப் பணம் பங்கிடப்படும் விதம். கம்பனியை மூடும்படி நீதிமன்றம் கட்டளையிட்டால், லிக்விடேட்டர் ஒருவர் நியமிக்கப்படுவார். சொத்தை விற்று, கடன்களைக் கணக்கிட்டுத் தீர்ப்பவர் அவர். ஈடு பிடித்த வங்கி இந்த வரிசைக்கு வெளியே நிற்கிறது. 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம் தரும் “பராட்டே” அதிகாரத்தால், வங்கி தன் பணிப்பாளர் சபைத் தீர்மானத்தைக் கொண்டே, வழக்குப் போடாமல், ஈட்டுச் சொத்தை ஏலத்தில் விடலாம். மிச்சத்தில் மூடும் செலவும், ஊழியரின் சேமலாப நிதிப் பாக்கி, வரி போன்ற முன்னுரிமைக் கடன்களும் போகும். அதற்குப் பிறகுதான் நீங்களும், சீமெந்துக் கடைக்காரரும், மற்ற வாங்குநர்களும்.

ஓர் உதாரணக் கணக்குப் போடுவோம். காணியும் அரைகுறைக் கட்டடமும் 10 கோடி ரூபாய்க்கு விலைபோகிறது. வங்கிக்கு 7 கோடி, செலவுக்கும் முன்னுரிமைக் கடன்களுக்கும் ஒன்றரைக் கோடி. மிஞ்சுவது ஒன்றரைக் கோடி. பிணையற்ற கடன்கள் மொத்தம் 6 கோடி என்றால், ரூபாய்க்கு 25 சதம் கிடைக்கும். முதலில் கட்டியவர், கடைசியில் கட்டியவர் என்ற பேதம் அங்கே இல்லை. எல்லோருக்கும் ஒரே விகிதம்.

இது அநியாயம் என்று சொன்னவர்கள் நீங்கள் மட்டுமல்ல. டெல்லிக்கு அருகே நொய்டாவில் ஜேப்பி இன்ஃப்ராடெக் கம்பனியிடம் வீட்டுக்குப் பணம் கட்டிய 20,000க்கும் மேற்பட்டவர்கள் இதே நிலையில் நின்றார்கள். 2017 ஓகஸ்டில், ஐடிபிஐ வங்கியின் மனுவில் கம்பனி திவால் நடவடிக்கைக்குள் போனது. தீர்மானிக்கும் குழுவில் வங்கிகளுக்கு வாக்கு இருந்தது, வீடு வாங்கியவர்களுக்கு இல்லை. அவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். 2018 ஜூனில் அவசரச் சட்டம் ஒன்று வந்து, வீடு வாங்குபவர்களையும் வங்கியைப் போல “நிதிக் கடன் கொடுத்தவர்” என்று ஏற்று, வாக்குரிமை கொடுத்தது. 2019 ஓகஸ்டில், பயனியர் அர்பன் வழக்கில், அந்தத் திருத்தம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் ஜேப்பியின் மிச்சக் கட்டடங்களைச் சுரக்ஷா குழுமம் கட்டி முடிக்கும் திட்டத்துக்குத் தீர்ப்பாயத்தின் ஒப்புதல் கிடைத்தது 2023 மார்ச்சில்தான். ஐந்தரை ஆண்டுகள் போயின. அப்போதும் அவர்கள் நாடியது பணத்தை அல்ல, வீட்டை.

அந்த இந்தியச் சட்டம் உவர்மலைக்குச் செல்லாது. ஆனால் அவர்கள் தனித்தனியாக அழவில்லை, சேர்ந்து நின்றார்கள். அந்தப் பாடம் உங்களுக்கும் பொருந்தும்.

நீங்கள் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலாவது, பதிவேட்டுப் பக்கத்தின் பிரதியை எடுப்பியுங்கள். ஈடு உண்மையில் பதிவாகியிருக்கிறதா, எந்தக் காணித்துண்டுக்கு, எவ்வளவு தொகைக்கு என்று பாருங்கள். கம்பனிக்கு ஈடு வைக்காத வேறு காணி இருந்தால், அதன் விலை லிக்விடேட்டரின் கைக்கு வரும்.

இரண்டாவது, வழக்கு எந்தக் கட்டத்தில் என்று அறியுங்கள். காணி திருகோணமலையில் இருந்தாலும், கம்பனியின் பதிவு அலுவலகம் கொழும்பில் என்பதால் விஷயம் கொழும்பு வணிக மேல் நீதிமன்றத்தில் நடக்கிறது. மூடும் கட்டளை வந்த பின், நீதிமன்ற அனுமதியின்றித் தனி வழக்கு நடத்த முடியாது. லிக்விடேட்டரிடம் கடன் சான்று, அதாவது உங்களுக்கு வரவேண்டிய தொகையை ஆதாரத்தோடு எழுதிக் கொடுக்கும் கோரிக்கை, கொடுக்க வேண்டும். அவர் அறிவிக்கும் கடைசி நாளைத் தவறவிடாதீர்கள்.

மூன்றாவது, காலவிதிப்பு. எழுத்து ஒப்பந்தத்துக்கு 6 ஆண்டு, எழுத்தில்லாத கோரிக்கைக்கு 3 ஆண்டு என்பது 1871ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம். உங்கள் கடதாசி நொத்தாரிசு முன் எழுதப்படாததால் வீட்டைக் கேட்க உதவாது. ஆனால் கட்டிய பணத்தைத் திருப்பிக் கேட்கும் உரிமை அதனால் போய்விடவில்லை. எந்தக் கணக்கில் ஆண்டுகள் எண்ணப்படும் என்பதை உங்கள் சட்டத்தரணியிடம் இந்த மாதமே கேளுங்கள்.

நான்காவது, ஆதாரங்கள். பற்றுச்சீட்டுகள், கனடா வங்கி பணம் அனுப்பிய பத்திரங்கள், மின்னஞ்சல்கள் எல்லாவற்றையும் நாள் வரிசையில் அடுக்குங்கள். பணத்தை உள்நோக்கிய முதலீட்டுக் கணக்கு வழியாக அனுப்பியிருந்தால் அந்தக் கூற்றையும் சேருங்கள். திரும்பி வருவதைக் கனடாவுக்கு எடுத்துப்போக அது வேண்டும். இங்கே உங்களுக்காக நிற்பவருக்கு, டொராண்டோ இலங்கைத் துணைத்தூதரகத்தில் கையெழுத்திட்டு அற்றோணித் தத்துவம் கொடுங்கள்.

ஐந்தாவது, மற்ற வாங்குநர்களோடு சேருங்கள். கடன்கொடுத்தோர் கூட்டத்தில் தொகையைப் பொறுத்தே வாக்கின் பலம். சேர்ந்து நின்றால், வேறொரு கட்டுநர் திட்டத்தைப் பொறுப்பேற்கும் பேச்சில் உங்கள் குரலும் ஏறும். முடியாது என்று தெரிந்தும் பணம் வாங்கினார்கள் என்பதற்குச் சான்று கிடைத்தால், பணிப்பாளர்களைச் சொந்தப் பொறுப்பில் நிறுத்தும்படி லிக்விடேட்டரைக் கேட்கவும் அந்தப் பலம் வேண்டும்.

“ஒரு கொமிசன் கொடுங்கள், முழுப்பணத்தையும் எடுத்துத் தருகிறேன்” என்று யாராவது தொலைபேசியில் வந்தால், ஒரு சதமும் கொடுக்காதீர்கள். மேலே சொன்ன வரிசையை எந்தத் தரகராலும் மாற்ற முடியாது.

சகோதரி, முழுப்பணமும் வரும் என்று சொல்லி உங்களை நான் ஏமாற்ற மாட்டேன். ஒரு பகுதி வரலாம், அதற்கும் ஆண்டுகள் ஆகலாம். ஆனால் கடன் சான்று கொடுக்காதவருக்கு அந்த 25 சதமும் இல்லை. உங்கள் தம்பி இன்னும் திருகோணமலையில் இருப்பதாக எழுதியிருந்தீர்கள். திங்கட்கிழமை காலையிலேயே அவரைக் காணிப் பதிவகத்துக்கு அனுப்புங்கள். அந்தப் பக்கத்தின் பிரதி கைக்கு வந்ததும் எனக்கும் ஒன்று அனுப்புங்கள். அதை வைத்து மீதியைப் பேசுவோம்.