காட்டுத் திருவிழாவில் குழந்தைகள்

தெலங்கானா மாநிலத்தில் மேடாரம் என்று ஒரு சிற்றூர் உள்ளது. அது முலுகு மாவட்டத்தில், காட்டுக்கு நடுவே இருக்கிறது. வாரங்கல் நகரிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தூரம்.

இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை இங்கே பெரிய திருவிழா நடக்கும். அதன் பெயர் சம்மக்கா சாரலம்மா ஜாத்திரை. சம்மக்கா தாய். சாரலம்மா மகள். இருவரும் கோயா பழங்குடி மக்களின் தெய்வங்கள். பஞ்ச காலத்திலும் அரசன் கப்பம் கேட்டான். அவனை எதிர்த்து இவர்கள் போராடினார்கள் என்று மக்கள் சொல்கிறார்கள்.

திருவிழா நான்கு நாட்கள் நடக்கும். தெய்வங்களுக்குச் சிலை இல்லை. திறந்த வெளியில் மேடைகள்தான் உண்டு. கோயா பூசாரிகள் தெய்வங்களை அங்கே கொண்டு வருவார்கள். மக்கள் ஜம்பன்னா ஓடையில் குளிப்பார்கள். வெல்லம் காணிக்கை தருவார்கள். அந்த வெல்லத்தைத் 'தங்கம்' என்றே சொல்வார்கள். மரத்தடியில் தங்கிச் சமைத்துச் சாப்பிடுவார்கள். எல்லோருக்கும் அதில் பங்கு உண்டு.

குழந்தைகளுக்கும் பங்கு உண்டு. பெரியவர்களைப் பார்த்துத்தான் அவர்கள் வழக்கங்களைக் கற்கிறார்கள். ஆனால் கூட்டமோ லட்சக்கணக்கில் கூடும். பிடித்த கை நழுவ ஒரு நிமிடம் போதும்.

புறப்படும் முன்

குழந்தைக்குத் தன் பெயர், பெற்றோர் பெயர், ஊர்ப் பெயர் சொல்லத் தெரிய வேண்டும். மிகச் சிறிய குழந்தைக்கு இது முடியாது. பயந்தால் பெரிய குழந்தையும் மறந்துவிடும். அதனால் தாயோ தந்தையோ ஒரு சீட்டில் இவற்றை எழுத வேண்டும். தொலைபேசி எண்ணையும் எழுத வேண்டும். எண் எந்த மொழிக்காரருக்கும் புரியும். சீட்டைச் சட்டைப் பையின் உள்ளே வைக்க வேண்டும். வெளியே தெரிந்தால், கெட்ட எண்ணம் உள்ளவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிடலாம்.

குழந்தைக்கு நகை போட வேண்டாம்.

போன இடத்தில்

ஓடையில் குழந்தையின் கையை விடக் கூடாது. மேடை அருகே நெரிசல் அதிகம். அங்கே கைக்குழந்தையைக் கொண்டு போக வேண்டாம். ஒருவர் வெளியே குழந்தையுடன் இருக்கலாம். மற்றவர் கும்பிட்டு வந்த பின் இவர் போகலாம்.

காய்ச்சி ஆறிய நீரையே கொடுக்க வேண்டும். வயிற்றுப்போக்கு வந்தால் உப்புச் சர்க்கரைக் கரைசல் தரலாம். 1 லிட்டர் நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு. கரண்டியில் தலை தட்டி அளக்க வேண்டும். பிறகு மருத்துவ முகாமுக்குப் போக வேண்டும்.

குழந்தை காணாமல் போனால்

"வழி தவறினால் அங்கேயே நில். அப்பா, அம்மா தேடி வருவோம். காவலரிடம் சொல்" என்று முன்பே சொல்லித் தர வேண்டும். பெற்றோர் உடனே காவலரிடம் சொல்ல வேண்டும். அவர்கள் ஒலிபெருக்கியில் அறிவிப்பார்கள். குழந்தைகள் உதவி எண் 1098. இதற்குக் கட்டணம் இல்லை.

ஒரு சிறு சீட்டு. அதில் நான்கு வரி. அம்மா கற்ற எழுத்து, குழந்தையை அம்மாவிடம் கொண்டு சேர்க்கும்.

பேசிப் பாருங்கள்

1. மேடாரத்தில் வெல்லத்தை என்னவென்று சொல்கிறார்கள்?
2. சீட்டை ஏன் உள்ளே வைக்க வேண்டும்?
3. உங்கள் ஊர்த் திருவிழாவில் கூட்டம் எங்கே அதிகம்?

எழுதிப் பழகுங்கள்

உங்கள் குழந்தைக்கு ஒரு சீட்டு எழுதுங்கள்.

பெயர்:
பெற்றோர் பெயர்:
ஊர்:
தொலைபேசி எண்: